வராதவர்களின் பட்டியல்

காட்பாடி,
ஞாயிறு மாலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் பேத்திக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை, இளநீர், வெள்ளை வேட்டி என்று வீடே வேறு மாதிரி ஆகிவிட்டது, பேனாவைத் தேட யாருக்கு நேரம்? இப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, குதிக்கிறாள். உன் முட்டி எப்படி? மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்கிற ஆளா நீ! இங்கே வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளக்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருஷமும் போகவில்லை. அந்தக் கூட்டத்தில் நிற்க இனி தெம்பில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். தேனிப் பக்கம் உங்கள் ஆட்கள் தொடங்கப்போகிற மனநலத் திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று இரண்டு வருஷம் கழித்து எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருந்தாய். சுகர், பிரஷர் பார்க்கிற அதே நாளில், அதே நர்ஸ், அதே மாத்திரைக் கவுண்டர் என்று மனநோயையும் சேர்த்துப் பார்க்கிற ஏற்பாடு. அந்த யோசனையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கிளினிக் வாசலில் நிற்கிற பெண் சுகருக்கு வந்தாளா, தூக்கம் வராததற்கு வந்தாளா என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாது பார், அது ஒன்றே பெரிய விஷயம். ஆனால் அது நடக்கிறதா என்று ரிஜிஸ்டரைப் பார்த்து முடிவு செய்யாதே. நர்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகும் என்னை ஒரு மதிப்பீட்டுக் குழுவோடு கிராமம் கிராமமாக இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பார்த்த வரையில் ரிஜிஸ்டர் எப்போதுமே அழகாகத்தான் இருக்கிறது. வந்தவர்கள் பேர்தானே அதில் இருக்கும்.

யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் சமுதாய மருத்துவத் துறைக்காரர்கள் 1994 முதல் 1999 வரை நடந்த சாவுகளை வீடு வீடாக விசாரித்தார்கள். ஊர் சுகாதாரப் பணியாளர் யார் வீட்டில் சாவு என்று உடனே எழுதுவார், பிறகு குடும்பத்தாரிடம் உட்கார்ந்து பேசிக் காரணம் கேட்பார்கள். அப்படிக் கேட்டதில் தற்கொலை லட்சத்துக்கு 95.2 என்று வந்தது. போலீஸ் கணக்கை வைத்து அப்போது சொன்ன தேசிய சராசரி லட்சத்துக்கு 11 பக்கம். ஸ்டேஷனில் "வயிற்று வலி தாங்காமல்" என்றும், அரளி விதையைத் "தெரியாமல் சாப்பிட்டு" என்றும் எழுதின சாவுகள் எல்லாம் வீட்டுத் திண்ணையில் வேறு மாதிரி வெளியே வருகின்றன. ஒடுவன்தழை என்கிற விஷ இலையை அரைத்துக் குடித்த பெண்களை வார்டில் பார்த்தவள் நான், அந்த எண் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனால் தற்கொலை குறைந்ததா என்பதை உங்கள் திட்டத்துக்கு அளவுகோலாக யாராவது போடச் சொன்னால் விடாப்பிடியாக மறு. லட்சத்துக்கு 95 என்கிற கொடுமையான அளவே இருந்தாலும், 5,000 பேர் உள்ள பஞ்சாயத்தில் வருஷத்துக்கு 5 பேர்கூட வராது. ஒரு வருஷம் 3, அடுத்த வருஷம் 6 என்று சும்மாவே ஏறி இறங்கும். குறைந்த வருஷத்தில் திட்டத்துக்கு மாலை போடுவார்கள், ஏறின வருஷத்தில் அந்த நர்ஸைத்தான் பிடித்துக் கேட்பார்கள்.

அதேபோல மனச்சோர்வை அளக்கிற பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் (எண் கூடினால் சோர்வு கூடுதல்) வந்த அன்று எடுத்த மதிப்பெண்ணையும் ஆறு மாதம் கழித்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பாதியாகக் குறைந்துவிட்டது" என்று எழுதுவார்கள். மனுஷி எப்போது கிளினிக்குக்கு வருகிறாள்? தாங்க முடியாமல் போகிற அன்றைக்குத்தானே. அதற்கப்புறம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். தானாக இறங்குகிற காய்ச்சலுக்கு மந்திரிச்சவர் பேர் வாங்கிக்கொள்கிற கதைதான். நீ புள்ளியியல் படித்தவள், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் உங்கள் டிரஸ்டில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டி வரும்: திட்டம் இன்னும் போகாத பக்கத்துக் கிராமங்களிலும் அதே கேள்வியை அதே மாதத்தில் கேட்டு வைக்கட்டும். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் தொடங்க எப்படியும் ஆள் பத்தாது. எந்த ஊர் முதலில் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுத்தால், பின்னால் வருகிற ஊர்களே ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இப்போது முக்கியமானது. ரிஜிஸ்டரில் "தொடர்பில் இல்லை" என்று சிவப்பு மையால் எழுதியிருப்பார்களே, அந்தப் பேர்களை மட்டும் எடுத்துக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போனோம். ஆபீஸில் அதை ஒரே ஜாதியாகக் கூட்டி ஒரு சதவீதம் போட்டு முடித்திருந்தார்கள். வாசலில் போய் நின்றால் ஒவ்வொன்றும் ஒரு கதை. ஒருவன் குணமாகி பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டான், அவன் திட்டத்தின் வெற்றி, எழுதியிருப்பதோ தோல்விக் கணக்கில். இன்னொருவருக்கு மாத்திரையில் கை விறைத்து பீடி சுற்ற வரவில்லை, கூலி போச்சு, நிறுத்திவிட்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. மாத்திரையோடு செய்வினை எடுக்கவும் போகிறவர்கள் உண்டு. அதைப் பெரிய குற்றமாக நினைக்காதே, இரண்டையும் சேர்த்து நம்புகிறவர்கள்தான் இங்கே அதிகம். திட்டினால் மாத்திரையைத்தான் விடுவார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது "இடம் மாறியவர்" என்கிற வரிசை. அதில் பாதிக்கு மேல் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்களடி. கொஞ்சம் தெளிந்ததும் ஜாதகத்தை எடுத்துவிட்டார்கள். புருஷன் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, கொண்டுபோன மாத்திரை ஒரு மாதத்துக்குத்தான் வரும். ஒரு தாயார் என்னிடம், "அங்க போயி மாத்திர முழுங்குனா என்னா ஏதுன்னு கேப்பாங்க இல்ல? அதான் நானே நிறுத்திட்டேன்மா" என்றாள், ஏதோ புத்திசாலித்தனமாகச் செய்ததுபோல. அந்தப் பெண் போன ஊர் வேறு ஒன்றியம், வேறு நர்ஸ், வேறு ரிஜிஸ்டர். ஒருங்கிணைப்பு என்று பேசுகிறோமே, அது அறுந்து போகிற இடம் இதுதான். உன் கேள்வித்தாளில் இதற்கு ஒரு இடம் வேண்டும்.

அமிர்தி போகிற வழியில் மலையடிவாரத்து ஊர் ஒன்று. அங்கே முப்பது வயதுப் பையன், பல வருஷமாகக் குரல்கள் கேட்கிற நோய். முன்பு மாட்டுக் கொட்டகையில் காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதி ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தது நாடு பூராவும் பேசப்பட்டது, ஆனால் சங்கிலி வீட்டிலும் உண்டு, அங்கே தீப்பிடிக்காததால் தெரிவதில்லை. இப்போது மாதம் ஒரு ஊசி, கூட இரண்டு மாத்திரை. எங்களோடு வந்த சின்னப் பையன் ஃபாரத்தை வைத்துக்கொண்டு, "போன மாசம் சம்பளத்துக்கு வேலைக்குப் போனாரா?" என்று கேட்டான். இல்லை என்றாள் அம்மா. "இல்லை" என்று டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்தம்மா பேச்சுவாக்கில் சொல்கிறாள்: "ஆட்ட எல்லாம் அவன்தாம்மா ஓட்டிக்கினு போறான். அதனாலதான் நான் நூறு நாள் வேலைக்குப் போறேன். போன மாசம் எங்க தங்கச்சி மவ வளைகாப்புக்கு ஆரணி போயி ராத்திரி தங்கிட்டு வந்தேன்." ராத்திரி தங்கினதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். எத்தனை வருஷம் வாசலைத் தாண்டாதவளோ! இதை எங்கே எழுதுவது? பையன் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான். ஓரத்தில் எழுதினதைக் கம்ப்யூட்டரில் ஏற்றமாட்டார்கள்.

அதனால் வேலை என்றால் கூலி என்று வைக்காதீர்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் வகுத்த ஐடியாஸ் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கே தலைப்பு, வேலையில் வீட்டு வேலையும் சேரும். கூடவே பார்த்துக்கொள்கிறவரைத் தனியாக உட்காரவைத்து நாலு கேள்வி. பாகாயத்தில் சி.எம்.சி.க்காக டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957-ல் தொடங்கிவைத்த மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைக்கிற வழக்கம் வந்ததே, எதற்கு? பராமரிக்கிறவர் இல்லாமல் இந்த வைத்தியம் நடக்காது என்றுதானே. மதிப்பீட்டில் மட்டும் அவர்களை மறந்துவிடுகிறோம்.

சமுதாயத்தில் வைத்துப் பார்ப்பதால் பலன் உண்டா என்றே சிலர் கேட்பார்கள். உண்டு, ஆனால் அடக்கமாகத்தான் சொல்லவேண்டும். சென்னையின் ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கெடுத்த, தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தில் 282 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசுகிற பணியாளரும் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி மட்டும் பார்த்ததைவிட நோய்க்குறியும் முடக்கமும் ஓரளவு குறைந்தன. நம்ம மாநிலத்துக் கிராமப்புறத்தில் பலன் கூடுதல். ஊர் பேச்சும் அவமானமும் குறையவில்லை. அதை மறைக்காமல் எழுதினார்களே, அதற்காகவே எனக்கு அந்த ஆய்வு பிடிக்கும்.

இன்னும் இரண்டு திட்டங்களையும் ஜோடியாக வைத்துப் பார். மகாராஷ்டிரத்து விதர்பாவில் அமராவதி மாவட்டத்து 30 கிராமங்களில் ஊருக்குள்ளேயே இருக்கிற பணியாளர்களை வைத்துச் செய்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 18 மாதத்தில் 27.2 ஆனார்கள். ஒப்பிட வேறு கிராமம் வைக்கவில்லை என்பது அதில் குறைதான். மத்தியப் பிரதேசம் சீஹோரில் அரசு ஆஸ்பத்திரிக்குள் சேர்த்துச் செய்த திட்டத்தில், ஊரில் போய்க் கேட்டபோது சிகிச்சை தேடுகிறவர்கள் கூடியதாகத் தெரியவில்லை. இரண்டுமே வீடு வீடாகப் போய் எண்ணியதால்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. தேசிய மனநல சர்வே 2015-16-ல் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே இல்லாமல் இருக்கிறார்கள் என்று சொன்னதே, அவர்கள் யாரும் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

கடைசியாக எங்கள் ஜாதி, நர்ஸ்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, சுகர், பிரஷர், இப்போது மனநலமும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்த பிறகு வீட்டுக்கு மாத்திரை போக ஒரு வழி இருக்கிறது, அதோடு இதையும் கோர்க்கலாம். கோர்த்தால் என்ன நழுவுகிறது என்றும் பார்க்கவேண்டும். மனநல ஸ்கிரீனிங் கூடின மாதத்தில் கர்ப்பிணி வீட்டு விசிட் குறைந்ததா? அந்த இரண்டையும் ஒரே தாளில் போடச் சொல். மாத்திரை ஸ்டாக் புத்தகத்தையும் மறக்காமல் வாங்கிப் பார், பூஜ்யம் என்று இருக்கிற நாட்களைக் குறித்துக்கொள். எங்கள் ஊர் ஒன்றில் ரிஸ்பெரிடோன் என்கிற மனநோய் மாத்திரை தீர்ந்து கொஞ்ச காலம் வரவில்லை. அதன் பலன் சில மாதம் கழித்துத்தான் வீடுகளில் வெடித்தது. அறிக்கையில் அதற்கு "குடும்பத்தார் ஒத்துழைப்பின்மை" என்று பேர். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

கேள்வித்தாள் நகலை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், எழுத்து தெரியவில்லை, தபாலில் போடு. தேனியில் சர்வேக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி வைத்தால் இரண்டு நாள் வந்து பேசுகிறேன், கீழ் பெர்த் மட்டும் போட்டுக் கொடுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நன்றாக வந்திருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன். உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்