பனி நல்லாய்க் கொட்டட்டும்

சட்பரி,
ஒக்ரோபர்

அன்புள்ள ரவி,

உன்ரை கடிதமும் படமும் கிடைச்சுது. ஒரிலியாவுக்கு வீடு மாறினவன் மிஞ்சி மிஞ்சிப் போனால் ஒரு தூண்டில் வாங்குவாய் எண்டு பாத்தால், பனியில ஓடுற பழைய ஸ்கிடூ மெசின் ஒண்டை வாங்கி முற்றத்தில நிப்பாட்டி வச்சிருக்கிறாய். மனிசி ஒண்டும் சொல்லேல்லையோ? இஞ்சை எல்லாரும் சுகம். சின்னவள் தண்டர்பேயில படிக்கப் போயிட்டாள். என்ரை முழங்கால் பழையபடிதான்.

முதல் பனி விழுந்த உடனை ஓடிப் பாக்கப் போறன் எண்டு எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதை. உன்ரை மெசின் தண்ணியால குளிராகிற எஞ்சின். அந்தச் சூட்டை வாங்கிற தகடு சீற்றுக்குக் கீழை, மெசினைத் தள்ளுற றப்பர் பட்டி, அதுதான் ட்ராக், அதுக்கு மேலை கிடக்குது. ட்ராக் எத்திற பனி அதிலை பட்டால்தான் சூடு இறங்கும். ட்ராக் உரசி ஓடுற பிளாஸ்ரிக் பட்டிக்கும் பனிதான் எண்ணெய். புல்லுத் தெரியிற பனியிலையும் வெறும் ஐசிலையும் ஓடினால் பட்டி உருகும், எஞ்சின் கொதிக்கும். ஐசைச் சுரண்டி மேலை எத்திற கம்பி ஒரு சோடி விக்கிறாங்கள், அதை வாங்கிப் பூட்டு. எண்டாலும் நல்ல பனி வரும் வரைக்கும் பொறுக்கிறதுதான் புத்தி.

அதுவரைக்கும் கராஜுக்குள்ளை வேலை நிறைய இருக்கு. வித்தவன் போன மாரியில விட்ட பெற்றோல் இன்னும் ராங்கிக்குள்ளை கிடந்தால் முழுக்க இறக்கு. எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை இழுக்கும். கிடந்து பசையாகி, பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றரில இருக்கிற சின்னத் துளையை, ஜெற்றை, அடைக்கும். 'ஸ்ராட் வருது தானே' எண்டு விட்டிடாதை. ஜெற் பாதி அடைச்சாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பெற்றோல் குறைஞ்சு காத்துக் கூடின கலவையில சூடு ஏறி, பிஸ்ரன் உருகிப் போகும். ரூ ஸ்ரோக் எஞ்சின் செத்த கதையள் கனக்க இப்பிடித்தான். காபரேற்றரைக் கழட்டித் துப்புரவாக்கு, புது பிளக் போடு, ஒயில் போத்தலையும் நிரப்பு.

பிறகு எலி. சிரிக்காதை. கோடை முழுக்கச் சும்மா நிண்ட மெசினில காத்துப் பெட்டியும் சைலன்சரும் சுண்டெலிக்கு நல்ல மாளிகை. மூடியைக் கழட்டி, ரோச் அடிச்சுப் பார். வயரையும் கடிச்சிருக்குங்கள்.

எஞ்சின் இழுவையை ட்ராக்குக்குக் கொண்டுபோற ட்ரைவ் பெல்ற்றைக் கழட்டி வளைச்சுப் பார். வெடிப்பிருந்தால், அகலம் தேஞ்சிருந்தால் மாத்து. நல்லதாய் இருந்தாலும் ஸ்பெயர் ஒண்டு எப்பவும் மெசினில இருக்க வேணும். கிளச் தட்டில கிரீசோ ஒயிலோ படவிடாதை, பெல்ற் வழுக்கும். செயின் பெட்டி ஒயில், கிரீஸ் நிப்பிள், ட்ராக் இறுக்கம், பிரேக் எல்லாம் மனுவலில இருக்கு, அதுபடி செய். முன்னுக்கு வழுக்கிற ஸ்கீக்குக் கீழை இருக்கிற காபைட் கம்பி மழுங்கியிருந்தால் திருப்பினாலும் மெசின் நேராய்த்தான் போகும்.

ஸ்கிடூவை ஆர் செய்தது எண்டு கேட்டாயே, செய்தவர் கியூபெக்கில வால்கூர் எண்ட ஊர் மெக்கானிக் பொம்பார்டியே. 1934 மாரியில ரோட்டெல்லாம் பனியால மூடிக் கிடக்க, வருத்தம் வந்த இரண்டு வயது மகனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேலாமல் பிள்ளை செத்துப் போச்சு. பல்லுச் சில்லில ஓடுற ட்ராக்குக்கு அவருக்குக் காப்புரிமை கிடைச்சது 1937இல. விளையாட்டு மெசினாய் ஸ்கிடூ வந்தது 1959இலதான்.

குச்சிச்சிங் வாவி வாசலில இருக்கு எண்டு சந்தோசமாய் எழுதியிருக்கிறாய். செஞ்சிலுவைக்காரர் இப்பிடியான மெசினுக்கு, ஸ்னோமொபைலுக்கு, 25 சென்ரிமீற்றர் தெளிஞ்ச ஐஸ் வேணும் எண்டு சொல்லுகினம். பனி கலந்து உறைஞ்ச வெள்ளை ஐசுக்கு அதில பாதிப் பலம்தான். வாவி ஒடுங்கிற அதர்லி நரோஸ் பக்கம் நீரோட்டம் இருக்கு, அங்கை எந்தக் குளிரையும் நம்பாதை. ஊர்க்காரர் போன பிறகு போ.

ஸ்னோமொபைல் பாதையில ஓடுற அனுமதியை, ட்ரெயில் பேர்மிற்றை, நவம்பருக்கு முதல் எடு, விலை குறைவு. உனக்குக் கார் லைசென்ஸ் காணும். பதின்மூன்று வயது மகன் ட்ரெயிலில ஓட்டிறதெண்டால் ஸ்னோமொபைல் வகுப்புக்குப் போய் அதுக்குரிய லைசென்ஸ் எடுக்க வேணும். பதினாறு வரைக்கும் ரோட்டைக் குறுக்கறுக்கவும் ஏலாது. இதை அவனுக்கு இப்பவே சொல்லிவை.

எந்த வருசத்து மொடல் எண்டு எழுது, பெல்ற் இலக்கத்தைப் பாத்து அனுப்பிறன். நத்தாருக்குப் பிறகு அங்காலை வருவன். கூழ் காய்ச்ச வேணும் எண்டு மனிசியிட்டைச் சொல்லு.

அன்புடன்,
குமார்