தீவாந்தரம் போனவர்

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பா பள்ளிக்கூடத்துக்காக வரைந்த குடும்ப மரத்தின் படம் வந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உச்சிக் கிளையில், என் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்குப் போட்ட பெட்டிக்குள் 'சுதந்திரப் போராட்ட வீரர், அந்தமான் செல்லுலார் சிறையில் இருந்தவர்' என்று எழுதியிருக்கிறதே, அதை மாற்ற வேண்டும். தப்பு உன்னுடையது இல்லை. என் சித்தப்பா எனக்குச் சொன்னதை நான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். சரிபார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தோன்றியது. கையில் இருந்தவை இரண்டே சொற்கள். என் அப்பாவின் அத்தை, நான் சிறுவனாக இருந்தபோது, வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "அவரு தாது வருஷத்துல தீவாந்தரம் போனவரு" என்பார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். தீவாந்தரம் என்றால் கைதியைக் கடல் கடந்த தீவுக்கு நாடுகடத்தும் தண்டனை. தாது வருஷம் என்றால் 1876 ஏப்ரலிலிருந்து 1877 ஏப்ரல் வரை. செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கியதே 1896-இல்தான், முடித்தது 1906-இல். ஆக, அவர் போனபோது அந்தச் சிறையே கிடையாது. ஆனால் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பு இருந்தது. 1857 கிளர்ச்சி அடங்கும் முன்பே, 1858 மார்ச்சில், முதல் 200 பேரைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கப்புறம் வருஷாவருஷம் போனவர்களில் பெரும்பாலானோர் கொலை, கொள்ளை வழக்குகளில் தண்டிக்கப்பட்ட சாதாரண ஜனங்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வர ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதம் பெயரை வைத்துத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. நம் பெயர்களை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறான். முத்து என்ற ஒரு பெயரே மூட்டூ, மூத்தூ, முட்டா என்று பக்கத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். அப்புறம் பெயரை விட்டுவிட்டு, தகப்பன் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் புரியாத ஓர் ஊர்ப் பெயரை மெதுவாக வாய்விட்டுப் படித்தேன். நம் ஊர் காதில் விழுந்தது! பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 395. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அந்தப் பிரிவு. 2024-இல் புதிய சட்டம் வந்து பிரிவு எண் மாறிவிட்டது, ஆனால் ஐந்து பேர் என்ற கணக்கு இன்றைக்கும் அதேதான். உச்சபட்சத் தண்டனை அன்றைக்கு ஆயுள் தீவாந்தரம். (அந்தத் தண்டனை சட்டத்திலிருந்து நீங்கி ஆயுள் சிறையானது 1956 தொடக்கத்தில்தான். நான் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு.) எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஏழு பேர். நம்மவர் மூன்றாம் எதிரி. ரயிலடியிலிருந்து தானியம் ஏற்றிவந்த வண்டியை ராத்திரியில் மறித்திருக்கிறார்கள். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் இருக்கிறது: கேழ்வரகு மூட்டை மூன்று, அதில் ஒன்று கிழிந்தது, செம்பு ஒன்று, வண்டிக் கயிறு. அவ்வளவுதான், தம்பி.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். வண்டிக்காரரின் சாட்சியமும் அதே வழக்குக் காகிதக் கட்டில் இருந்தது. அவருக்கு வலது கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. இனிமேல் கயிறு பிடிக்க முடியாது, வீட்டில் நான்கு குழந்தைகள் என்று சொல்லியிருக்கிறார். தடியால் அடித்தது யார் என்று கேட்டதற்கு மூன்றாம் எதிரியைக் காட்டியிருக்கிறார். அன்று மத்தியானம் நான் சாப்பிட எழுந்து போகவில்லை. வண்டியும் அவருடையது இல்லை, தானியமும் அவருடையது இல்லை. அவரும் கூலிக்காரர்தான்.

நம்மவரின் வாக்குமூலம் ஆறு வரி. தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அதனால் அவர் பேச்சு போய்விட்டது. மூன்று நாளாக வீட்டில் கஞ்சி இல்லை என்றிருக்கிறார். எழுதியவர் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் ஆங்கில எழுத்தில் 'காஞ்சீ' என்று அப்படியே விட்டிருக்கிறார். அவர் வாயிலிருந்து வந்த தமிழ்ச் சொல் என்று நமக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான்.

அந்தத் தை, மாசியில் சேலம் ஜில்லா எப்படி இருந்தது என்பதை வழக்குக் கட்டில் யாரும் எழுதவில்லை. அதை வேறு இடத்தில் படிக்க வேண்டியிருந்தது. தாது வருஷம் பெரும் பஞ்சம். அதன் நிவாரண வேலைகளைக் கவனிக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்த பிறகு, மார்ச்சில் கொஞ்சம் கூட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். இன்னொன்றும் படித்தேன், மனசை விட்டுப் போகவே இல்லை. 1890களின் நடுவில் அந்தமானுக்குத் தலைமை ஆணையராக வந்தவர் அந்த டெம்பிளின் சொந்த மகன். அப்பாவின் கூலிக் கணக்கில் வாடியவர்களில் எத்தனை பேர் மகனின் தீவில் கைதிகளாக இருந்தார்களோ.

கடைசியாகக் கிடைத்தது அவருடைய அங்க அடையாளக் குறிப்பு. தீவாந்தரம் அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒன்று எழுதுவார்கள், தப்பித்தால் பிடிப்பதற்கு. வயது சுமார் 28. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இரண்டு காதும் குத்தியவர். இடது முழங்கையில் பழைய தீக்காயத் தழும்பு. நம் குடும்பத்தில் அவரைப் பார்த்த மாதிரிச் சொல்ல யாரும் இல்லை. போலீசுக்காக எழுதிய இந்த நான்கு வரியில்தான் அவர் எனக்கு ஒரு மனுஷனாகத் தெரிந்தார்.

அந்தமானில் கழுத்தில் மரவில்லை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதில் எண், சட்டப்பிரிவு, தண்டனை பெற்ற தேதி. ஒழுங்காகப் பத்து வருஷம் கழித்தவருக்கு நிலம் பயிரிட்டுத் தானே பிழைத்துக்கொள்ள அனுமதி உண்டு, குடும்பத்தையும் வரவழைக்கலாம். நம்மவர் வரவழைக்கவில்லை. இருந்தாரா, அதற்கு முன்பே போய்விட்டாரா என்பதைத்தான் இப்போது தேடுகிறேன். போர்ட் பிளேரில் இருந்த பழைய காகிதங்களில் நிறைய, 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்த காலத்தில் அழிந்துபோயின. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் பிரிவுக் கோப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய 'அபிலேக் படல்' தளத்தில் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் நீயும் 1877-லிருந்து 1890 வரை பார். ஊர்ப் பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று ஒரு பட்டியல் அனுப்புகிறேன்.

அவர் போனபோது என் கொள்ளுத்தாத்தாவுக்கு நான்கு வயது. அவரை வளர்த்த அந்த ஆத்தா, சாவுச் செய்தி வராததால் கடைசி வரைக்கும் தாலியைக் கழற்றவில்லையாம். அத்தை இதை மட்டும் ஒருமுறை சொன்னார். பாப்பாவின் படத்தில் அந்த ஆத்தாவுக்குப் பெட்டியே இல்லை. அவருக்கும் ஒன்று போடச் சொல்.

இவருடைய பெட்டியில் இப்படி எழுதட்டும்: 'சேலம் ஜில்லா, விவசாயக் கூலி. தாது வருஷப் பஞ்சத்தில் தானிய வண்டியை மறித்து வண்டிக்காரரை அடித்த வழக்கில் 1877-இல் ஆயுள் தீவாந்தரம்.' வண்டிக்காரரை விட்டுவிடக் கூடாது. டீச்சர் ஏதாவது கேட்டால் பாப்பா தயங்காமல் சொல்லட்டும். அவளுக்குப் புரிகிற வயசுதான்.

வாக்குமூலப் பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும், படிக்கச் சிரமப்படுவாய். கீழிருந்து இரண்டாவது வரியில், 'கஞ்சி' இருக்கும் இடத்தில், பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா