அந்த இரண்டாம் பக்கத்தை எங்களுக்கும் படித்துக் காட்டுங்கள்

ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர்களுக்கும், ஸ்கேன் மையங்களை நடத்துபவர்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன்களுக்கும்

வணக்கம்.

உங்களில் யாரும் என் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்களில் ஒருவர் அவருடைய நுரையீரலின் அடிப்பகுதியைப் பார்த்திருக்கிறார். நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நாள் விடியற்காலையில் அப்பாவுக்கு விலாவுக்குக் கீழே வலி பிடுங்கி எடுத்தது. சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று வயிற்றுக்கு சி.டி. எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். கல்தான். மருந்தும் தண்ணீருமாகப் பத்து நாளில் கல் இறங்கியது, எங்கள் பயமும் இறங்கியது. ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் அந்தப் பெரிய உறைக்குள் திரும்பப் போட்டு பீரோவின் மேல் வைத்தோம்.

இரண்டரை வருடம் கழித்து, விடாத இருமலும் இளைத்த உடம்புமாக அப்பா வேறொரு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அவர் விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. வலது நுரையீரலின் அடியில் 7 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு, ஆறு மாதத்தில் மார்புக்கு சி.டி. எடுத்துப் பார்க்கவும். கல்லைப் பற்றி எழுதியது எல்லாம் முடிந்த பிறகு, கையெழுத்துக்குச் சற்று மேலே, அதே சின்ன எழுத்தில் அந்த வரி இருந்தது.

வயிற்றைப் படம் எடுக்கும்போது நுரையீரலின் அடியும் கொஞ்சம் சேர்ந்து விழும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட் எழுதியவர் கல்லோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. அளந்தார், எழுதினார், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதினார். கல்லுக்கு வைத்தியம் பார்த்தவர் கல்லைப் பார்த்தார். கவுன்டரில் உறையைக் கொடுத்தவர் பெயரைச் சரிபார்த்தார். நாங்கள் 'கல்தானே' என்று நிம்மதியானோம். இத்தனை பேர் கைமாறிய அந்த வரியை ஒருவர்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை.

அப்போதே பார்த்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அத்தனை சிறிய முடிச்சுகளில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை, பழைய தொற்று விட்டுப்போன தழும்பாகக்கூட இருக்கலாம். அதனால்தான் நீங்கள் உடனே கத்தியை எடுக்கச் சொல்லாமல், சில மாதம் விட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறீர்கள். வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவு. எங்கள் வீட்டில் அந்த 'மறுபடி' நடக்கவே இல்லை. அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. நான் அதில் கவனிப்பது வேறொன்று. படம் எடுத்தவரும் எடுத்துக்கொண்டவரும் கணவன் மனைவி. என்ன தெரிகிறது என்று அவர் பக்கத்திலேயே நின்று காட்டியிருக்க முடியும். இன்று படம் எடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் எங்கோ இருக்கும் இன்னொருவர், ரிப்போர்ட் போவது மூன்றாமவருக்கு. யாருடைய உடம்போ அவர் கையில் இருப்பது ஒரு உறை மட்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, எங்களுக்காக இரண்டு வரி எழுதுங்கள். எதற்காக வந்தோமோ அதற்கு என்ன பதில் என்று ஒரு வரி. வேறு ஏதாவது தென்பட்டதா, அதற்காக எந்த மாதம் எங்கே போக வேண்டும் என்று இன்னொரு வரி. 'ஆறு மாதத்தில்' என்று மட்டும் எழுதாமல் மாதத்தின் பெயரையும் வருடத்தையும் எழுதுங்கள், நாட்காட்டியில் குறித்துக்கொள்வோம். மருத்துவர்களுக்கு எழுத வேண்டியதை நீங்கள் வழக்கம்போலக் கீழே எழுதலாம், அதை நாங்கள் கேள்வி கேட்கப் போவதில்லை.

ஒழுங்காக எழுதும் வழி உங்களுக்குத் தெரியாததும் இல்லை. மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேவுக்கு, 0 முதல் 6 வரை எண் கொடுத்து ரிப்போர்ட் எழுதும் முறை பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. 3 என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆறு மாதத்தில் ஒருமுறை பாருங்கள் என்று பொருள். 4, 5 என்றால் திசு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறீர்கள். உங்களுக்குள் இவ்வளவு தெளிவாகப் பேசிக்கொள்கிறீர்கள். ஆனால் '3' என்று பார்த்த பெண் வீட்டுக்கு வந்து மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அழுகிறாள். என் தோழி ஒருத்தி அப்படி அழுதாள். "இது கட்டம் இல்லை, வகை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அப்புறம், உங்கள் விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா சி.டி.க்காகக் காத்திருந்த நடைபாதைச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. சிரித்த முகமாக ஒரு குடும்பம், கீழே தலை முதல் கால் வரை முழு உடல் பரிசோதனை, வருமுன் காப்போம். அப்பா முப்பது வருடம் புகைத்தவர். அவரைப் போன்றவர்களுக்கு என்று நிரூபணமான ஒரு பரிசோதனை இருக்கிறது. அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. பல வருடம் நிறையப் புகைத்தவர்களுக்கு வருடம் ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்ததில், சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. அந்தச் சுவரில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

தேவையில்லாதவர்களைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா சாட்சி. அங்கே நலமாக இருந்தவர்களுக்கும் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் எடுப்பது பரவலானது. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993ஐப் போல 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் அப்படியே இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் கட்டிகளில் பல, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே செய்யாமல் கிடந்திருக்கும். சுரப்பியை எடுத்துவிட்டால் காலமெல்லாம் மாத்திரை சாப்பிட வேண்டும்.

நான் ஸ்கேனுக்கு எதிரி இல்லை. இருந்தால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மேமோகிராம், வயதான பெண்களுக்கு எலும்பு அடர்த்தி, புகைத்த பழக்கம் உள்ள 65 வயது தாண்டிய ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனியை (வயிற்றின் வழியாகப் போகும் பெரிய ரத்தக்குழாயை) ஒரே ஒரு முறை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது, இதையெல்லாம் உரக்கச் சொல்லுங்கள். கடைசியில் சொன்னது உண்மையிலேயே வருமுன் காப்பது. வீங்கிய தமனி வெடிப்பதற்கு முன்னால் சரிசெய்துவிடலாம். மற்றபடி படம் நோயைத் தடுப்பதில்லை, சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். தடுப்பது தடுப்பூசியும் புகையை விடுவதும்தான். அந்தச் சுவரில் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

டெக்னீஷியன்களே, உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அப்பாவுக்குக் கடைசி ஸ்கேன் எடுத்த பெண்ணை நான் மறக்கவில்லை. கையை மேலே தூக்கி வைத்தால் அப்பாவுக்குத் தோள் வலிக்கும். அவர் ஒரு துணியைச் சுருட்டி முழங்கைக்கு அடியில் வைத்தார். "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று இயந்திரம் சொல்வதற்கு முன்னாலேயே, பத்து எண்ணும் வரைதான் பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தார். இத்தனை ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு ஏறாதா என்று நான் கேட்டேன். அவர் சொன்னார்: மார்பு எக்ஸ்ரே ஒன்று, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்மேல் பத்து நாளில் படும் அளவுதான். வயிற்று சி.டி. என்றால் இரண்டு மூன்று வருட அளவு, அதனால் காரணம் இருந்தால்தான் எடுப்போம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அந்தக் கதிர்வீச்சே கிடையாது. இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

அந்த ஒரு நிமிடத்துக்கு உங்கள் மையத்தில் இடம் கொடுங்கள் என்று மையங்களை நடத்துபவர்களிடம் கேட்கிறேன். உறையைக் கொடுக்கும் இடத்தில், மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கும் ரிப்போர்ட் என்றால் அதை வாயால் சொல்லிவிட்டுக் கொடுக்க ஒருவர் இருக்கட்டும். சொன்ன மாதம் வந்தால் ஒரு போன் செய்யுங்கள். தள்ளுபடி என்றால் எங்கள் எண்ணைத் தேடிக் கூப்பிடத் தெரிகிறது, இதற்கும் கூப்பிடலாம்.

அப்பாவின் உறை என்னிடம்தான் இருக்கிறது. புதிதாக ரிப்போர்ட் எழுதப் பழகுகிறவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்கும்போது பயன்படும் என்றால் அந்த இரண்டாம் பக்கத்தைப் பிரதி எடுத்துத் தருகிறேன். பெயரை மட்டும் மறைத்துத் தருவேன். அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கும், அது நான் போட்டதில்லை, அப்பா போட்டது.

இப்படிக்கு,
அவருடைய மகள்