கட்டுரை நோட்டுக்கு முன் ஒரு ரஃப் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கும் சொந்தமாக நான்கு வரி எழுத வரவில்லை என்று தங்கள் தலையங்கம் வருந்தியிருந்தது. பழியைக் கைப்பேசிமேல் போட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அதில்தான் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கோளாறு கட்டுரை வகுப்பில் இருக்கிறது. கரும்பலகையில் உட்தலைப்புகள், கைடிலிருந்து பத்திகள், எழுதும் முதல் பிரதியே கட்டுரை நோட்டில், அதன்மேல் சிவப்பு மை. அடித்து எழுத இடமில்லாத நோட்டில் மனப்பாடம் செய்ததைத்தான் யாரும் எழுதுவார்கள்.

ஒரு ரஃப் நோட்டும் ஒரு கட்டுரைக்கு மூன்று பாடவேளையும் ஒதுக்கினால் இதை மாற்றலாம்.

முதலில் தலைப்பைச் சுருக்க வேண்டும். ‘தண்ணீர் சிக்கனம்’ என்றால் நாற்பது நோட்டும் ‘நீரின்றி அமையாது உலகு’ என்றே தொடங்கும். ‘எங்கள் தெருக் குழாயடி’ என்று கொடுங்கள். பத்து நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதட்டும். பேச்சுத் தமிழிலேயே எழுதலாம், பிழைக்காக நிற்க வேண்டாம், மதிப்பெண்ணும் கிடையாது. ஆரம்பத்தில் பலர் மூன்று வரியோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு நேரத்தை ஐந்து நிமிடமாக்கி, ‘தண்ணி எத்தனை மணிக்கு வரும், வீட்டுக்கு எத்தனை குடம்?’ என்று கேட்டால் பேனா நகரும்.

அடுத்த பாடவேளையில் பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டும். சும்மா படிக்கச் சொன்னால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள், இல்லையென்றால் எழுத்துப்பிழை தேடுவார்கள். ஆகவே, ஓரத்தில் பென்சிலால் இரண்டு கேள்வி மட்டும் எழுதச் சொல்லுங்கள். ‘தண்ணி வந்தா ஒரே சண்டை’ என்ற வரிக்கு ‘யாருக்குள்ள? எதுக்கு?’ என்று கேட்டால், ‘கோடி வீட்டு அக்கா அஞ்சாவது கொடத்த வச்சுட்டாங்க, கணக்கு நாலுதான்’ என்று ஒரு வரி வந்து சேரும். எந்தக் கைடிலும் இந்த வரி கிடைக்காது. அதற்கு முன்னால் உள்ள பொதுவான வரிகளை அடித்துவிடலாம் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள்.

எழுத்து வழக்கு மூன்றாவது பாடவேளைக்குத்தான். பாடநூலில் ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்ற பயிற்சி உண்டு, ஆனால் அங்கே மாற்றுவது யாரோ பேசிய வாக்கியத்தை. தன் வரியில் ‘வச்சுட்டாங்க’ என்பதை ‘வைத்துவிட்டார்’ ஆக்கும்போது மனத்தில் நிற்கும். ஒரு எச்சரிக்கை: எல்லாவற்றையும் மாற்றினால் உயிர் போய்விடும். ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே விடச் சொல்லுங்கள். பிழைதிருத்தம் கடைசி வேலை, அதுவும் ஒரு கட்டுரைக்கு ஒரு வகை: இந்த முறை ர, ற, அடுத்த முறை ல, ள, ழ, வல்லினம் மிகும் இடமெல்லாம் பிறகு. முப்பது இடத்தில் வட்டம் போட்ட பக்கத்தை எந்தப் பிள்ளையும் திரும்பப் பார்ப்பதில்லை.

நாற்பது நோட்டைத் தினமும் யார் பார்ப்பது? பார்க்க வேண்டியதில்லை. நாளுக்கு எட்டு நோட்டைப் புரட்டினால் வாரத்தில் முடிந்துவிடும். மதிப்பெண், திருத்தி முடித்துக் கட்டுரை நோட்டில் எழுதும் செம்மைப்படிக்கு மட்டும்.

உறவுமுறைக் கடிதத்துக்கும் இதே வழிதான். இல்லாத நண்பனுக்கு ‘நலம், நலமறிய ஆவல்’ எழுதுவதைவிட, ஊரில் இருக்கும் பாட்டிக்கு அஞ்சலட்டை ஒன்று உண்மையாகவே போகட்டும். அதில் இடம் குறைவு என்பதே நல்லது, எதைச் சொல்வது எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும்.

இடைஞ்சல் ஆய்வின்போதுதான் வருகிறது. பார்வையிட வருபவர்கள் கட்டுரை நோட்டில் தேதியையும் சிவப்பு மையையும் தேடுகிறார்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கும் ரஃப் நோட்டை நீட்டினால் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கிறார்கள். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளில் (பாடம் நடக்கும்போதே மாணவரை மதிப்பிடத் தரும் வேலைகளில்) ஒன்றாக இந்த நோட்டையும் ஏற்கலாம் என்று கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். இதற்குத் தனி நிதிகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.