அருவிக்கு ஒரு சைரன் வைங்க: பாதைக்குப் பொறுப்பானவங்களுக்கு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் அருவியில திடீர்னு வெள்ளம் வந்தப்ப என்ன நடந்ததுன்னு உங்களுக்கு தகவல் வந்திருக்கும், அதனால முழுக்கதையும் சொல்லல. கேக்குறது ஒண்ணுதான். மேல ஓடையில தண்ணி ஏறுனா கீழ குளிக்கிறவங்களுக்கு உடனே தெரியணும், அதுக்கு சைரனும் சிவப்பு விளக்கும் வைங்க.

நாங்க நின்ன இடத்துல நல்ல வெயில், மழை பெஞ்சது மலைக்கு மேல. தண்ணி கலங்கி சருகும் சுள்ளியும் வர ஆரம்பிச்சப்பவே எல்லாரும் கரை ஏறியிருக்கணும், ஆனா அதுதான் வெள்ளம் வர்றதுக்கு அறிகுறின்னு வந்தவங்களுக்கு யார் சொன்னது? இருக்கிற போர்டுல "எச்சரிக்கை"க்கு கீழ எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. உங்க காவலர் விசில் ஊதிட்டேதான் இருந்தார், அவர் மேல தப்பே இல்ல, அந்த இரைச்சல்ல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்காது, விசில் எப்படிங்க கேக்கும்?

திரும்புற வழியில ஓடையை கடக்கணும். போகும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணி வரும்போது முழங்காலுக்கு மேல. வயசான அம்மா ஒருத்தங்க நடுவுல பாறையை கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க, கரையில இருந்து அவங்க பொண்ணு கத்துது, பிடிக்க ஒரு கயிறு கூட இல்ல. கடைசில நாலஞ்சு பேர் கை கோத்து இறங்கித்தான் கூட்டிட்டு வந்தோம். முழங்கால் தண்ணிதானேன்னு நினைக்காதீங்க, வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும், காலுக்கு கீழ வேற பாசி.

ஏதாவது ஆகிட்டா மட்டும் "சொல்பேச்சு கேக்கல"ன்னு வந்தவங்க மேலயே பழி. குடிச்சிட்டு வர்றவங்க, தடுப்பு தாண்டி செல்ஃபி எடுக்கிறவங்க இருக்காங்க, நான் மறுக்கல. அந்த அம்மா என்னங்க தப்பு பண்ணாங்க? டிக்கெட் கொடுத்து உள்ள விட்டது நீங்கதானே? கைப்பிடி கம்பி பாதி வழியில காணோம், பொம்பளைங்க துணி மாத்த ஒரு மறைவு கிடையாது, கழிவறை பூட்டியே கிடக்கு, வசூல் மட்டும் ஒரு நாள் கூட நிக்கிறதில்ல.

மன்னிக்கணும், கோவத்துல எங்கேயோ போயிட்டேன். மத்ததெல்லாம் மெதுவா கூட செய்ங்க. மேல தண்ணி மட்டத்தை பாக்க ஒரு ஆளோ கருவியோ, அருவிகிட்ட சைரனும் கண்ணுல படுற மாதிரி சிவப்பு விளக்கும், ஓடை கடக்குற இடத்துல கயிறு, இது மட்டும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாடி வேணும். அதுவரைக்கும் மேல மேகம் கட்டுனா பாதையை மூடிடுங்க, பாதி வழியில திருப்பி அனுப்புனாலும் நாங்க கோச்சுக்க மாட்டோம். சைரன் எப்ப வரும்னு தயவுசெஞ்சு ஒரு தேதி சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பதிலை எதிர்பார்க்கும் ஒருத்தன்