அம்மாவுக்கு, போலந்திலிருந்து

மரியாயே வாழ்க.

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சித்தப்பா மகளிடம் சொல்லி எழுதின கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் பதில் போடவில்லை, வேறொன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. தவக்காலத்தில் இங்கே நம்ம சாளை மாதிரி ஒரு மீனை அடுப்பிலேயே ஏற்றாமல் உப்பில் ஊறப்போட்டு, எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து அப்படியே தின்கிறார்கள். அப்பாவிடம் சொல்லாதே, தங்கச்சிமடம் பூராவும் சொல்லிச் சிரிப்பார்.

மாடி வீட்டுப் பாட்டி ஆர்த்தடாக்ஸ் சபை. தொப்பி போடாமல் வெளியே போனால் திட்டுவாள், சாயங்காலம் பீட்ரூட் சூப் கொண்டுவந்து கதவில் வைப்பாள். அவள் வீட்டுச் சிலுவையில் கால் வைக்கும் கட்டை சாய்ந்திருக்கிறது. ஆணி கழன்றுவிட்டது என்று நேராக்கப் போனேன், கையில் ஓர் அடி! மேலே ஏறின பக்கம் ஆண்டவரோடு அறையப்பட்ட இரண்டு கள்ளர்களில் மனம் திரும்பினவன், கீழே சரிந்த பக்கம் கேலி பேசினவனாம்.

படகு பிடிபட்டது ஆண்டவர் கொடுத்த சிலுவை என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிலுவை ரோமைக்காரன் அடிமைகளையும் கலகக்காரர்களையும் ஊரறிய அவமானப்படுத்திக் கொன்ற மரம். அதில் தொங்கிக்கொண்டே அறைந்தவர்களை மன்னிக்கச் சொன்னாரே, அதனால்தான் அதை முத்தமிடுகிறோம். வந்த கஷ்டமெல்லாம் சிலுவை என்றால் வட்டிக்காரனும் ஆண்டவர் அனுப்பின ஆளாகிவிடுவான்.

இங்கே பெரிய வெள்ளிக்கு லீவு கிடையாது. வேலை முடிந்து நான் கோயிலுக்குப் போனபோது சிலுவைப் பாதை ஐந்தாம் நிலைக்கு வந்திருந்தது. பாஷை புரியாவிட்டாலும் சீமோன் பேர் காதில் விழுந்தது. சிரேன் ஊர்க்காரர், இன்றைய லிபியா பக்கம். வயலிலிருந்து வந்தவரைப் பிடித்து ஆண்டவர் சுமந்த சிலுவையைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். நற்செய்தி எழுதினவர்களில் மாற்கு மட்டும் அவர் பிள்ளைகள் அலக்சாந்தர், ரூபு என்று பேர் எழுதிவைத்திருக்கிறார், இன்னார் அப்பா என்று நாம் அடையாளம் சொல்வோமே, அப்படி. நம் கோயிலில் சுடுமணலில் முழங்கால் போட்டு எல்லாரும் சேர்ந்து 'அதேதென்றால்' என்று பதில் ஜெபம் சொல்வது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். இங்கே குளிர்காற்றில் கண்ணில் தண்ணீர் வரும்.

நீ பையில் போட்ட ஓரியூர் செம்மண் பத்திரமாக இருக்கிறது. 1693இல் அங்கே வெட்டுண்ட அருளானந்தர் சாமியாரும் போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர்தானே, நம்ம புழுக்கத்துக்கு எப்படிப் பழகினாரோ.

சரி, ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாவைச் சும்மா இருக்கவிடாதே, நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, சித்தப்பாவோடு பங்குக்குப் போகச் சொல். அக்கா தோட்டை இந்த மாசம் மீட்க முடியாது, சம்பளத் தேதி மாறிவிட்டது. வட்டியை மட்டும் கட்டு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு மொட்டை போட நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், போட்டோ அனுப்புங்கள்.

யாராவது இங்கே வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. நன்றாகச் சுற்றிக் கட்டு, போன தடவை வாடைக்குப் பாட்டி போலீஸையே கூப்பிடப் பார்த்தாள்.

உன் மகன்