புகைப்பதை நிறுத்த அறிதுயில் (ஹிப்னாடிசம்) உதவுமா: நண்பருக்கு ஒரு கடிதம்

மயிலாடுதுறை,
18.8.2024

அன்புள்ள ஞானசேகரனுக்கு,

நலம். நீயும் வசந்தியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் ஆடிக் கடைசி வெள்ளியன்று வந்து சேர்ந்தது. இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய மூன்றாவது வாரத்திலேயே, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மறுபடியும் பற்றவைத்ததையும், காய்ந்த துணிகளை எடுக்க மேலே வந்த தங்கை வசந்தி ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் படியிறங்கிப் போனதையும் நீ எழுதியிருந்த பத்தியை இரண்டு முறை படித்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மாதக் கடைசியில் ஒரே சிகரெட்டைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்ட இருவரில் ஒருவன் விட்டுவிட்டான், மற்றவனால் முடியவில்லை என்பது எனக்குப் பெருமையாக இல்லை. உன்னைத் தனியாக விட்டு வந்துவிட்டேனோ என்றுதான் இருக்கிறது.

நான் ஹிப்னாடிசத்தின் துணையோடு விட்டதாக யாரோ சொன்னார்களாம். அது உண்மையிலேயே வேலை செய்யுமா, நீயும் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போகலாம். ஆனால் எதை எதிர்பார்த்துப் போகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பைத் தவறாக வைத்துக்கொண்டு நான் இரண்டு ஆண்டுகளை இழந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் முறை நான் போனது 2017-இல். நாளிதழுக்குள் செருகி வந்த துண்டறிக்கை ஒன்று, ஒரே அமர்வில் நூற்றுக்கு நூறு உறுதி என்றது. நான்காயிரம் ரூபாய் கட்டினேன். கல்யாண மண்டபம் ஒன்றில் எங்களில் ஏறக்குறைய அறுபது பேரைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, ஒலிபெருக்கியில் மெல்லிய இசையை ஓடவிட்டு, இனிமேல் சிகரெட்டின் வாசனை உங்களுக்குச் சாக்கடை நாற்றமாகவே இருக்கும் என்று மேடையிலிருந்து ஒருவர் ஆழ்ந்த குரலில் சொன்னார். ஒன்பது நாள் நான் தொடவில்லை. பத்தாம் நாள் மாலை பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் யாரோ பற்றவைத்தபோது அந்த வாசனை சாக்கடையாக இல்லை. எப்போதும் போல இனிமையாகவே இருந்தது. அன்றே ஒன்று வாங்கினேன். இழந்த பணத்தைக் காட்டிலும் அதன்பின் நான் வந்த முடிவுதான் எனக்குப் பெரிய கேடு செய்தது. வசியத்துக்கே கட்டுப்படாத மனம் என்னுடையது, இனி எதற்கும் கட்டுப்படாது என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் முயற்சியே செய்யாமல் கிடந்தேன்.

இரண்டாவது முறை 2019 அக்டோபரில், தஞ்சாவூரில். என் மருமகள் வற்புறுத்தி அழைத்துப் போனாள். அந்த அம்மையார் மருத்துவ உளவியல் படித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். நீ யாரிடம் போவதானாலும் இந்தப் பதிவு உண்டா என்று முதலில் கேள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதே. முதல் சந்திப்பில் அவர் என்னை உறங்கவும் வைக்கவில்லை, கண்ணை மூடவும் சொல்லவில்லை. ஒரு சிறிய நோட்டைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் வழக்கம் போலவே புகையுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், கூட இருப்பவர், மனநிலை ஆகிய நான்கையும் எழுதிவிட்டுப் பற்றவையுங்கள் என்றார். எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நாளொன்றுக்குப் பதினைந்தில் பதினொன்று நான் அறியாமலே கைக்கு வந்தவை. மீதி நான்கில் மூன்று காப்பியோடும் சாப்பாட்டோடும் சேர்ந்தவை. நான்காவதுதான் என் உயிரைப் பிடித்துவைத்திருந்தது: மாலை ஆறே முக்காலுக்கு, வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கியதும் பெட்டிக்கடை ஓரத்தில் தொங்கும் கயிற்றில் பற்றவைப்பது. உனக்கு நினைவிருக்கும், நுனி கனன்றுகொண்டே இருக்கும் அந்தத் தேங்காய் நார்க் கயிறு. அதை இடது கையால் தூக்கி, சாம்பலை ஒரு முறை ஊதிவிட்டு, குனிந்து முதல் இழுப்பை இழுக்கும்போது நார் கருகும் வாசனையும் புகையிலையும் சேர்ந்து வரும். அன்றைய அலுவலகம் அந்த இடத்தில்தான் எனக்கு முடியும். நான் விட வேண்டியிருந்தது நிகோடினை மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கயிற்றையும் விட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம்தான் அறிதுயில். ஹிப்னாசிஸுக்குத் தமிழில் இப்படி ஒரு சொல் புழங்குகிறது. பாற்கடலில் பாம்பணைமேல் பள்ளிகொண்டவனின் உறக்கத்துக்குப் பழந்தமிழ் வைத்த பெயர் அது. வசியம் என்ற சொல்லைவிட இதுவே சரியானது என்று அனுபவத்தில் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒரு நொடிகூட என்னை மறக்கவில்லை. மின்விசிறியின் கடகடப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே யாரோ கோப்பையைக் கழுவுவதும் கேட்டது. தலையை அசைக்காமல் கண்களை மட்டும் புருவத்தை நோக்கி உயர்த்தச் சொன்னார். அப்படியே இமைகளை மெல்ல மூடி, மூச்சை இழுத்து, விடும்போது கண்களைத் தளர்த்தச் சொன்னார். பிறகு நாற்காலிக் கையில் கிடந்த என் இடது கை காற்றடைத்த பலூனைப் போல இலேசாகிறது என்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான்காயிரம் ரூபாய் மண்டபம் நினைவுக்கு வந்து நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் அவசரப்படவில்லை. விரல் நுனிகளை மட்டும் கவனியுங்கள் என்றார். சற்று நேரத்தில் சுட்டுவிரல் தானாகத் துடித்தது. பிறகு மணிக்கட்டு எழுந்தது. நான் தூக்கவில்லை, அது எழுந்தது என்றே எனக்குத் தோன்றியது. அந்த நிலையில் மூன்றே வாக்கியங்களைச் சொன்னார்: புகை இந்த உடலுக்கு நஞ்சு, நான் வாழ இந்த உடல் வேண்டும், இந்த உடலை மதித்துக் காக்கும் கடன் எனக்கு உண்டு. சாக்கடை நாற்றம் என்றோ ஆசையே வராது என்றோ ஒரு சொல்லும் இல்லை. இதை நீங்களே நாளுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள், செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த மூன்று வாக்கியங்கள் ஹெர்பர்ட் ஸ்பீகல் என்ற நியூயார்க் மனநல மருத்துவருடையவை என்று பின்னால் அறிந்தேன். முக்கால் மணி நேர அமர்வு ஒன்றே ஒன்று, மீதியெல்லாம் சுய அறிதுயில் என்ற அந்த முறையைப் பற்றி அவர் 1970-இல் எழுதினார். வந்தவர்கள் 615 பேர். ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நூற்றுக்கு நூறு என்று துண்டறிக்கை அடிக்கிறவர்களுக்கும், தன் முறைக்கு இருபது விழுக்காடு என்று தானே எழுதிவைத்த அவருக்கும் உள்ள தூரத்தைப் பார். எந்தத் துணையுமின்றித் தாமாக விட முயல்கிறவர்களில் ஆண்டு முடிவில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நீ நான்கு முறை தோற்றதாக எழுதியிருக்கிறாய். அது உன் குணக்கேடு இல்லையடா, நிகோடினின் குணம். உள்ளே இழுத்த இருபது நொடிக்குள் மூளையை எட்டிவிடும், இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்து மறுபடி கேட்கும் பொருள் அது.

அறிதுயிலை ஆதரித்துப் பேசுகிற நானே இதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல், அதுவரை நடந்த 14 ஆய்வுகளை, மொத்தம் 1926 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. அதே அளவு நேரம் ஒதுக்கிச் செய்யப்படும் மற்ற ஆலோசனை முறைகளைவிட அறிதுயில் மேலானது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை போன்றவையோ, விடும் வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன என்பது உறுதியாக நிறுவப்பட்டிருக்கிறது.

அப்படியானால் அறிதுயில் வெறும் கற்பனையா என்று நீ கேட்பாய். 1784-இல் பாரிஸில், அறிதுயிலுக்கு முன்னோடியான, மெஸ்மர் என்ற மருத்துவரின் காந்த சிகிச்சையை ஆராய மன்னர் அமைத்த குழு இதையேதான் கேட்டது. அறிவியலாளர்களான பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள். காந்தமூட்டிய மரம் ஒன்றின் அருகே போனால் மயங்குவான் என்று சொல்லப்பட்ட சிறுவன், காந்தமூட்டாத மரத்தடியிலேயே மயங்கி விழுந்தான். காந்தம் ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனை என்று எழுதி மூடிவிட்டார்கள். ஆனால் கற்பனை மட்டுமே ஒரு பையனைக் கீழே சாய்க்க வல்லது என்பதல்லவா அங்கே கண்ட உண்மை? அறுபது ஆண்டுகள் கழித்து, 1845-இல், நம் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஈதர் மயக்கமருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, இந்த நிலையில் ஆழ்த்திக் கைதி ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். தொடர்ந்து பலருக்கும் செய்தார். வலியையே தள்ளிவைக்கும் கவனம் மனிதனுக்கு உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மிக எளிதில் ஆழ்பவர்கள் பத்தில் ஒருவர் அல்லது சற்றுக் கூடுதல், பெரும்பாலோர் என்னைப் போல நடுவில் இருப்பவர்கள்.

நடுவில் இருக்கிற எனக்கு அது என்ன செய்தது என்று சொல்கிறேன். ஆசையை எடுக்கவில்லை. முதல் வாரம் ஆசை முழு உருவத்தோடு வந்தது. தூக்கம் கெட்டது, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆனால் ஒவ்வோர் ஆசையும் ஐந்து நிமிடத்துக்குமேல் உச்சத்தில் நிற்பதில்லை என்பதையும், அந்த ஐந்து நிமிடத்தைக் கண்மூடி, மூச்சைப் பார்த்து, இடது கை மெல்ல எழுவதைக் கவனித்துக் கடந்துவிடலாம் என்பதையும் கற்றுக்கொண்டேன். கயிற்றைத் தூக்கிய அதே கை, ஞானசேகரா. அதற்கு வேறொரு வேலை கிடைத்துவிட்டது. ஆறே முக்காலுக்குப் பேருந்திலிருந்து இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை உட்கார்ந்தபடியே செய்வேன். பார்த்தவர்கள் கிழவன் அசந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

அதோடு அந்த அம்மையார் என்னை ஒரு மருத்துவரிடமும் அனுப்பினார். காலை எழுந்து அரைமணிக்குள் முதல் சிகரெட் என்று சொன்னதும் அவர் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். அதை வெற்றிலை மெல்லுவது போல மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். காரம் தெரியும்வரை சில முறை கடித்து, கன்னத்தோரம் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மறுபடி கடிக்க வேண்டும். காப்பி குடித்துக் கால்மணி நேரமாவது ஆன பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து ஏறாது. அறிதுயிலா, சூயிங்கமா, எது என்னை விடவைத்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

இரண்டாம் மாதம் ஒரு சாவு வீட்டில், பந்தலுக்கு வெளியே, ஒருவர் நீட்டியதை வாங்கி முழுவதும் புகைத்தேன். பழைய தீர்ப்பு உடனே நினைவுக்கு வந்தது. தஞ்சாவூருக்குத் தொலைபேசியில் பேசினேன். நோட்டில் எழுதினீர்களா என்று மட்டும் கேட்டார். எழுதினேன்: இரவு ஒன்பதே கால், சாவு வீடு, மாமா மகன், துக்கம். அதற்குப் பிறகு அந்த நோட்டில் எழுதும்படி எதுவும் நேரவில்லை.

உன் நிலை என்னுடையதைவிடக் கூர்மையானது. ஆகவே முதலில் உன் இருதய மருத்துவரிடம் மொட்டைமாடி விஷயத்தை மறைக்காமல் சொல்லி, சூயிங்கமோ வேறு மாத்திரையோ உனக்கு எது பொருந்தும் என்று கேள். சொல்ல வெட்கமாக இருந்தால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் தேசியப் புகையிலை விடுப்பு உதவிமையத்தை அழைத்துப் பேசிப் பார். பேசப் பேச வெட்கம் போய்விடும். புகையை நிறுத்தி ஓராண்டில் இருதய நோய் ஆபத்து, புகைப்பவரின் ஆபத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்டென்ட் வைத்தவனுக்கு அந்தப் பாதி எவ்வளவு பெரியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவற்றோடு அறிதுயிலையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால், ஈரோட்டிலோ கோவையிலோ பதிவு பெற்றவர் ஒருவரைத் தேடு. கிடைக்காவிட்டால் தஞ்சாவூர் அம்மையாரிடம் நானே நேரம் வாங்கித் தருகிறேன்.

இங்கே மேட்டூரை இந்த ஆண்டு ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். கடைமடை வரை தண்ணீர் வந்து, துலாக்கட்டத்தில் படிகள் முழுகி ஓடுகிறது. புரட்டாசியில் வசந்தியையும் அழைத்துக்கொண்டு நான்கு நாள் இங்கே வந்திரு. அதுவரைக்கும் ஒரு சிறிய நோட்டு வாங்கி, இன்று முதலே நேரம், இடம், கூட இருப்பவர், மனநிலை என்று எழுதிவை. குறைக்க முயலாதே, எழுது, போதும். வரும்போது அந்த நோட்டை எடுத்து வா. மாலையில் துலாக்கட்டத்துப் படியில் உட்கார்ந்து இருவருமாகப் படித்துப் பார்ப்போம்.

தங்கை வசந்திக்கு என் அன்பைச் சொல். உன் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
இரத்தினவேல்